மீமிசலில் பட்டறை, சோழவரத்தில் ஓடுதளம்

புதுக்கோட்டை மாவட்டம் என்றதும் சித்தன்னவாசலையும் குடுமியான்மலையும் நினைக்கிறவர்கள், அந்த மாவட்டத்துக்குக் கடற்கரையும் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். அறந்தாங்கியில் பஸ் ஏறினால் முதலில் ஆவுடையார்கோயில் வரும். கருங்கல்லில் சட்டங்களையும் ஆணிகளையும் செதுக்கிக் கூரை போட்ட சிற்பிகளின் ஊர். அதைத் தாண்டி, கண்மாய்க் கரைகளையும் சீமைக்கருவேலங் காட்டையும் கடந்து போனால், சாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் முட்டும். அந்த முக்குதான் மீமிசல்.

கடல் பக்கத்திலேயே இருந்தாலும் முக்கில் நின்றால் கண்ணில் படாது. இறால் பண்ணைக் குட்டைகளில் ஏரேட்டர் சக்கரங்கள் சுற்றுகிற சத்தம் காதில் விழும். காற்றில் உப்பு இருக்கும். இங்கிருந்து வடக்கே சென்னைக்கு ஏறக்குறைய 400 கி.மீ. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வீட்டு வாசலிலேயே பிரித்துப் பந்தய வண்டியாகப் பூட்டுவதற்கு வேண்டிய கையும் கருவியும் இந்த முனையில் இருக்கின்றன. பூட்டிய வண்டியை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிற இடம் அந்த முனையில் இருக்கிறது. இந்தப் பயணம் அந்த இரண்டு முனைகளையும் பற்றியது.

கையும் கருவியும் எங்கே என்று கேட்பவர்கள் மீமிசலிலிருந்து கொஞ்சம் வடக்கே ஜெகதாப்பட்டினத்துக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் போய்ப் பார்க்கலாம். பாக் நீரிணையில் மீன் பிடிக்கும் விசைப்படகுகள் இங்கே வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு டீசல் இன்ஜின். ஃபைபர் படகுகளில் ஒற்றை சிலிண்டர் இன்ஜின். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதமும் கரையோரத்து லேத் பட்டறைகளுக்கும் வெல்டிங் கடைகளுக்கும் ஓய்வில்லை. இன்ஜின் இறக்கி, போர் போட்டு, வால்வு தேய்த்து, தேய்ந்த தண்டைக் கடைந்து, புதிய புஷ் அடித்துக் கொடுக்க வேண்டும். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்பது அந்தப் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். அதனால் வேலையில் ஏனோதானோ கிடையாது. ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிறவருக்கு ஒற்றை சிலிண்டர் புல்லட் இன்ஜின் புரியாத பொருள் அல்ல.

பந்தயமும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கோயில் திருவிழா, பொங்கல் என்று ஒரு காரணம் கிடைத்தால் போதும், அறந்தாங்கி, மணமேல்குடி, மீமிசல் பக்கத்துச் சாலைகளில் மாட்டுவண்டிப் பந்தயமும் குதிரைவண்டிப் பந்தயமும் நடக்கும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகள். பெரிய மாட்டுக்குப் போக வர எட்டு மைல் என்பதுபோல இன்றும் மைலில்தான் எல்லை சொல்கிறார்கள். ஜெயித்த சாரதிக்குக் கொடிப் பரிசு. ஓடுகிற மாடு ஒரு வீட்டின் மாடு. பருத்திக்கொட்டை ஆட்டிப் போடுவது, கண்மாயில் நீந்த விடுவது, விடியலில் நடை பழக்குவது எல்லாம் தகப்பனும் பிள்ளையும் தாயும் சேர்ந்து செய்கிற வேலை. பந்தயத்துக்காக ஒன்றை வீட்டில் வைத்து, குடும்பமாகச் சேர்ந்து உருவாக்கும் வழக்கம் இங்கே வேரோடு இருக்கிறது. இரும்பு வண்டிக்கும் அந்த வழக்கம்தான் அடிப்படை.

எந்த வண்டி? தமிழ்நாட்டில் பழைய வண்டி தேடுகிறவருக்கு மூன்று வழி. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் செய்த ஜாவா, எஸ்டி ஒரு வழி. 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 இன்னொன்று. இரண்டும் டூ ஸ்ட்ரோக், இரண்டையும் சீக்கிரம் வேகமாக்கலாம். ஆனால் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து வேலை பழக ஏற்றது சென்னை திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட் 350 என்றே சொல்ல வேண்டும். அதன் ஒவ்வொரு பாகமும் கையில் எடுத்துப் பார்க்கும் அளவில் இருக்கிறது. கியர்பாக்ஸ் இன்ஜினோடு ஒட்டாமல் தனியாகக் கழன்று வரும். கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ், பொறுமை இருந்தால் பெரும்பாதி வேலை நடந்துவிடும்.

346 சி.சி. இன்ஜின். சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 90 மி.மீ. விட்டத்தைவிட நீளம் அதிகம் என்பதால் இழுவை உண்டு, அதிகச் சுழற்சிக்கு அது இசைந்து வராது. கம்பெனியிலிருந்து வரும்போது 18 குதிரைத் திறன்தான். வண்டியோ 160 கிலோவுக்கு மேல். பந்தயத்துக்குத் தயார் செய்கிறவர் இரண்டு பக்கமும் கை வைக்க வேண்டும். ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சற்றுச் சீவினால் அழுத்தம் கூடும். காற்று உள்ளே போகும் வழியையும் புகை வெளியே வரும் வழியையும் தேய்த்து வழவழப்பாக்கினால் மூச்சு சீராகும். பெரிய கார்புரேட்டர், நீளம் கணக்கிட்ட சைலன்சர் குழாய், இலேசாக்கிய ஃபிளைவீல். இன்னொரு பக்கம் மட்கார்டு, ஹெட்லைட், பேட்டரி, சைடு பெட்டி, ஸ்டாண்டு எல்லாம் கழற்றி எடை குறைப்பு. தாழ்ந்த ஹேண்டில்பாரும் பின்தள்ளிய ஃபுட்ரெஸ்டும் வைத்தால் ஓட்டுகிறவர் டேங்கின்மேல் படுத்துக் காற்றைக் கிழிக்கலாம்.

இதில் வரிசை முக்கியம். முதலில் பிரேக். பழைய புல்லட்டின் டிரம் பிரேக், அதைச் செய்த காலத்துச் சாலைக்குச் செய்தது. ஷூவை மாற்றி, டிரம்மைக் கடைந்து வட்டமாக்கி, கேபிளைப் புதிதாக்கிய பிறகுதான் இன்ஜினில் கை வைக்க வேண்டும். நிற்கத் தெரியாத வண்டியை வேகமாக்கும் ஆசையைத் தடுத்து நிறுத்துவதற்கே வீட்டில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆள் இல்லாமல் முடியாத வேலைகளும் உண்டு. கிராங்க் கேஸ் அலுமினியம், பேரிங் எஃகு. சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே பேரிங்கை முதல்நாள் ராத்திரியே ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் போட்டுவிடுவார்கள். மறுநாள் கேஸை அடுப்பில் சீராகச் சுட வைப்பார்கள். ஒருவர் துணி சுற்றிய கையால் கேஸைப் பிடிக்க, இன்னொருவர் பேரிங்கைக் குழிக்குள் நேராக விட வேண்டும். சரியாக விட்டால் சத்தமில்லாமல் உட்காரும். சில நொடி தாமதித்தாலோ கோணலாக விட்டாலோ பாதியில் பிடித்துக்கொள்ளும். மீனுக்கும் மாவுக்கும் நடுவில் பேரிங்குக்கு இடம் ஒதுக்க வீட்டில் அம்மாவின் சம்மதமும் வேண்டும்.

பாயின்ட் வைப்பதும் அப்படித்தான். அதன் இரண்டு முனைகளுக்கு நடுவில் மெல்லிய சிகரெட் தாளைச் சொருகி ஒருவர் இலேசாக இழுத்துக்கொண்டே இருப்பார். மற்றவர் இன்ஜினை மெதுவாகச் சுற்றுவார். தாள் விடுபடும் கணம்தான் பொறி பறக்கும் கணம். “அத்தா, நிப்பாட்டுங்க” என்று பிள்ளை சொல்லும்போது சுற்றுகிற கை நிற்க வேண்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்து முஸ்லிம் வீடுகளில் அத்தா, அடுத்த தெருவில் அப்பா. இரண்டு வீட்டிலும் அந்தக் கணத்தில் உத்தரவு போடுவது பிள்ளை. இந்த வேலையில் தங்களுக்கு மிகப் பிடித்த இடம் இதுதான் என்று பழைய வண்டி வேலை செய்கிறவர்கள் பலர் சொல்லக்கூடும்.

கடற்கரையில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. உப்புக் காற்று. மணல் தேய்த்துச் சுத்தமாக்கிய ஃபிரேமை ஒரு ராத்திரி வெறுமனே விட்டால் காலையில் செம்மண் பூசியிருக்கும். ஸ்போக், கேபிள் முனை, செயின், எல்லாவற்றுக்கும் அன்றன்றே எண்ணெய் பூச வேண்டும். பிரைமர் அடிப்பதை நாளைக்குத் தள்ள முடியாது. கடலைவிட்டுத் தள்ளிய ஊர்களில் ஒரு மாதம் இழுக்கிற வேலையை இந்தக் கரையில் ஒரே மூச்சில் முடிக்கிறார்கள்.

இப்படிப் பிரித்துப் பூட்டிக் கற்ற தமிழர்களில் தலையானவர் ஜி.டி. நாயுடு. கோவைக்கு அருகே கலங்கலில் 1893இல் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் பார்த்த மோட்டார் சைக்கிள்மேல் ஆசைப்பட்டு, கோவையில் ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை, முழுதாகப் பிரித்துத் திரும்பப் பூட்டியது. அது ரட்ஜ் வண்டி. 1914இல் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தை வென்ற கம்பெனியின் தயாரிப்பு. பஸ் கம்பெனியும் மின்சார மோட்டாரும் சவர பிளேடும் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

கோட்டைப்பட்டினத்தைத் தாண்டினால் மணமேல்குடி. குலச்சிறை நாயனார் பிறந்த ஊர். பிறகு கட்டுமாவடி, மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், அலையாத்திக் காட்டின் முத்துப்பேட்டை. சாலை கடலை ஒட்டி நேராக ஓடுகிறது. இத்தனை நேரான சாலையில் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும். ஆட்டு மந்தையும் மீன் வண்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் குறுக்கே வருகிற சாலை இது. பொதுச் சாலையில் வேகப் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். இந்தக் கரையில் மகனை விபத்தில் இழந்த வீடுகள் எத்தனையோ. பந்தய வண்டிக்குச் சாலை இடமில்லை என்பதில் வீட்டுப் பெரியவர்கள் அசையவே கூடாது.

இதே போன்ற ஒரு கடற்கரை நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கிறது. இன்வர்கார்கில் ஊருக்குப் பக்கத்தில் ஒரெட்டி கடற்கரை. அங்கேதான் பர்ட் மன்ரோ என்பவர் தன் 1920ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பார்த்தார். மணிக்கு 88 கி.மீ. போகும்படி கம்பெனி செய்த வண்டி. அதைத் தன் கொட்டகையில் பல பத்தாண்டுகள் மாற்றிக்கொண்டே இருந்தார். பழைய டின்களில் உலோகம் உருக்கி ஊற்றிப் பிஸ்டன் வார்த்தார். ஸ்போக் கம்பியை அளவுகோலாக வைத்துக்கொண்டார். 1967இல் அமெரிக்காவின் பான்வில் உப்பு வெளியில் மணிக்கு 295 கி.மீ.க்கு மேல் ஓட்டித் தன் பிரிவில் சாதனை படைத்தார். 1978இல் இறந்தார். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து அவர் மகன் ஜான், அன்றைய பதிவில் சராசரி தவறாகக் கணக்கிடப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். 2014இல் சாதனை திருத்தப்பட்டது: மணிக்கு 184.087 மைல், அதாவது 296 கி.மீ.க்குச் சற்று மேல். தகப்பன் கொட்டகையில் விட்ட வேலையை மகன் காகிதத்தில் முடித்து வைத்தார்.

நாகப்பட்டினம், காரைக்கால், கடலூர், புதுச்சேரி. வழியில் அங்கங்கே ஒர்க்‌ஷாப் வாசலில் பழைய புல்லட் நிற்பதைப் பார்க்கலாம். அவற்றில் அரை நூற்றாண்டு கடந்தவையும் இருக்கும். அப்படிப்பட்ட வண்டிகளுக்கென்று 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு வி.ஏ. எழுத்துகள் கொண்ட பதிவெண். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டு செல்லும். ஆனால் ஃபிரேமையோ இன்ஜினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. ஆகவே தாத்தாவின் புல்லட்டை எடுத்து வைத்திருக்கிற வீடு முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும், பழமையைக் காப்பதா பந்தயத்துக்கு விடுவதா என்று. முழுதாக நிற்கிற பழைய வண்டியை வெட்டுவது பாவம். பேப்பர் போய், டேங்க் ஓட்டையாகி, துருப்பிடித்துக் கிடக்கும் வண்டியைப் பந்தயத்துக்கு எடுப்பதே சரி. அந்த வண்டிக்கு அது மறுபிறப்பு.

சென்னையின் வடக்கு ஓரத்தில் திருவொற்றியூர். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து வரவழைத்து விற்றுக்கொண்டிருந்த புல்லட்டை 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்குத் தேர்ந்தெடுத்தது. 1955இல் இங்கிலாந்தின் ரெடிச் ஊரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. பாகங்களைப் பூட்டுவதில் ஆரம்பித்து, கருவிகளையும் அச்சுகளையும் வாங்கி, முழு வண்டியையும் இங்கேயே செய்யும் நிலைக்கு வந்தார்கள். இங்கிலாந்தில் கம்பெனி மூடிப்போயிற்று. 1977இல் திருவொற்றியூர் புல்லட் அதே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. மீமிசலில் ஒருவர் கையில் எடுக்கும் ராக்கர் ஆர்மின் பூர்வீகம் இந்தத் தெரு.

அங்கிருந்து மேற்கே திரும்பி, செங்குன்றம் வழியாகக் கொல்கத்தா சாலையில் போனால் சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்து சும்மா கிடந்ததை 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. பிப்ரவரிப் பந்தயங்களுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும். கல்கத்தா, பெங்களூர், கோவை என்று எல்லாத் திசையிலிருந்தும் வண்டிகள் வரும். பாக் நீரிணைக்கு அப்பாலிருந்து இலங்கை வீரர்களும் வந்து ஓட்டினார்கள். இறக்குமதி அரிதாக இருந்த காலம். பந்தய வண்டி வேண்டுமென்றால் இருக்கும் வண்டியைப் பிரித்துத் தாங்களே செய்துகொள்ள வேண்டும். சோழவரத்தில் ஓடிய வண்டிகளில் நிறைய, வீட்டிலும் மெக்கானிக் கடையிலும் ராத்திரி கண்விழித்துச் செய்தவை. கோவை கரிவர்தன் அப்படித்தான் பந்தயக் கார்களையே உள்நாட்டில் செய்து காட்டினார்.

சோழவரம் தந்த குடும்பங்களும் உண்டு. தேசிய அளவில் பலமுறை சாம்பியனான ஆர்.ஏ. அப்துல்லா, தன் மகள் அலிஷா அப்துல்லாவைச் சிறு வயதிலேயே கோ-கார்ட்டில் உட்கார வைத்தார். பிறகு அவர் பைக்குக்கும் காருக்கும் போய், இந்தியாவின் முதல் பெண் பந்தய சாம்பியன் என்ற பெயர் பெற்றார். இங்கிலாந்தில் ஜாக் சர்டீஸ் என்ற மோட்டார் சைக்கிள் வியாபாரி தன் மகன் ஜானைத் தன் வின்சென்ட் வண்டியின் சைடுகாரில் ஏற்றிக்கொண்டு பந்தயம் ஓட்டினார். ஜெயித்தார்கள். பையனுக்கு வயது போதாது என்று பரிசு பறிபோயிற்று. 16 வயதில் வின்சென்ட் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்த ஜான், தானே பூட்டிய கிரே ஃபிளாஷ் வண்டியில் 1951இல் திரக்ஸ்டனில் நார்ட்டன் வீரர் ஜெஃப் டியூக்கைத் திணறடித்தார். 500 சி.சி. உலகப் பட்டம் நான்கு முறை, 1964இல் ஃபெராரி காரில் ஃபார்முலா ஒன் பட்டம். இரண்டிலும் உலக சாம்பியனானவர் இதுவரை அவர் ஒருவரே. அந்த வின்சென்ட் கம்பெனியும் ஒரு தகப்பனின் கையால் வந்ததுதான்: அர்ஜென்டினாவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தின் பணத்தில் பிலிப் வின்சென்ட் 1928இல் எச்.ஆர்.டி. என்ற பெயரை 450 பவுண்டுக்கு வாங்கினார்.

பணம் கொடுத்த தகப்பன், பக்கத்தில் உட்கார வைத்த தகப்பன், கற்றுக்கொடுத்த தகப்பன். ஜாக் சர்டீஸ் செய்தது மற்ற எதையும்விடப் பெரிது என்று தோன்றுகிறது. வேகத்தில் பயம் எது, அசட்டுத் துணிச்சல் எது என்று பிள்ளை தன் உடம்பில் உணர்ந்ததெல்லாம் அப்பா ஹேண்டிலைப் பிடித்திருந்தபோதுதான்.

சோழவரம் இன்று பந்தயக் களமல்ல. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள, 12 திருப்பங்கள் கொண்ட நிரந்தரத் தடத்தை அதே கிளப் திறந்தது. கோவையில் கரிவர்தன் பெயரில் இன்னொரு தடம். அந்தத் தடத்தில் 2021இல் ராயல் என்ஃபீல்டின் கான்டினென்டல் ஜிடி கோப்பை தொடங்கியது. பழைய பாணி உருவம் கொண்ட 650 சி.சி. வண்டிகள் ஓடுகிற பந்தயம். கான்டினென்டல் ஜிடி என்ற பெயரே 1960களில் ரெடிச் தொழிற்சாலையின் பயிற்சி இளைஞர்களிடம் யோசனை கேட்டுச் செய்த 250 சி.சி. வண்டியுடையது.

தடத்துக்குள் இறங்குமுன் வண்டியைச் சோதிப்பார்கள். ஆயில் வடிகால் போல்ட்டில் துளையிட்டுக் கம்பி கட்டியிருக்கிறதா, கசிகிற எண்ணெயைப் பிடிக்க டப்பா இருக்கிறதா, ஆக்சிலேட்டரை விட்டதும் தானாகத் திரும்புகிறதா, கிளட்ச் லீவரின் முனை உருண்டையாக இருக்கிறதா. இவற்றில் எதுவும் ஜெகதாப்பட்டினத்து லேத்தில் முடியாததல்ல. போல்ட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் துளை போடுவது அங்கே ஒரு டீ ஆறுமுன் முடிகிற வேலை. முடியாதது, ஒரு பயிற்சி ஓட்டத்துக்காக வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு 400 கி.மீ. போய், அறை எடுத்துத் தங்கி, வேலை நாளை இழந்து திரும்புவது. மீனவர் வீட்டுக்கும் பட்டறைக்காரர் வீட்டுக்கும் அந்தச் செலவு தாங்காது. திறமை இருந்தும் தென் மாவட்டப் பிள்ளைகள் சாலையிலேயே முறுக்கிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரைக்குடிக்கு அருகே செட்டிநாட்டில், சோழவரத்தைப் போலவே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது. மீமிசலிலிருந்து அறந்தாங்கி வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1950களில் சென்னைக்காரர்கள் சோழவரத்தில் செய்ததை, ஆண்டுக்கு இரண்டு ஞாயிறு, தெற்கே செய்து பார்க்கத் தக்க இடம். தளத்தின் சொந்தக்காரத் துறையின் அனுமதி, கலெக்டரின் ஒப்புதல், இரண்டு ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, கொடி காட்டப் பழகிய ஆட்கள், இரு பக்கமும் தடுப்பு. 1952 முதல் காரைக்குடியில் இயங்கும் அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரி இதை முன்னெடுத்தால், கோட்டைப்பட்டினம் முதல் தொண்டி வரை எத்தனை வீட்டு வாசலில் என்னென்ன இன்ஜின் பிரித்துக் கிடக்கிறது என்பது முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிடும்.